ஒரு வருடமா, ஐந்து வருடமா? புது வீட்டில் கசிவும் விரிசலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2023 ஆகஸ்டில் புது ஃபிளாட்டின் சாவி வாங்கினோம். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. பில்டரைக் கேட்டால், “அக்ரிமென்ட்டைப் பாருங்கம்மா, பிளம்பிங்குக்கு ஒரு வருஷம்தான் வாரன்டி” என்கிறார். இனி எங்கள் செலவில்தான் பார்க்க வேண்டுமா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டாம். ‘ரெரா’ என்று எல்லோரும் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவரப்படும் குறையை, காசு வாங்காமல், 30 நாளுக்குள் அவர் சரிசெய்ய வேண்டும். தூண், பீம், தளம் போன்ற கட்டமைப்பின் குறைகளோடு இது நிற்பதில்லை. வேலைத் தரம், பொருளின் தரம், வீட்டுக்கான வசதிகள், ஒப்பந்தத்தில் அவர் ஏற்ற மற்றக் கடமைகள் எல்லாம் அதே வரிக்குள் வருகின்றன. கட்டமைப்புக்கு ஐந்து வருடம், பிளம்பிங்குக்கு ஒரு வருடம் என்ற பிரிவினை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை. வேறு சட்டங்களோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பில்டர் காட்டும் அந்த ஒரு வரியைக் கண்டு ஒதுங்கிவிடாதீர்கள்.

ஐந்து ஆண்டுக் கணக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஓடுகிறது. பத்திரம் பதிந்த நாளிலிருந்து அல்ல. சாவி வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதம் எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். கிரயப் பத்திரம் முடிந்துவிட்டதால் பொறுப்பு தீர்ந்தது என்பதும் செல்லாது: குறைகளுக்கான பொறுப்பு பத்திரத்துக்குப் பிறகும் தொடரும் என்று 11(4)(ஏ) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஐந்து ஆண்டுக்குள் நடக்க வேண்டியது நீங்கள் தெரிவிப்பது மட்டுமே. பழுது பார்த்து முடிப்பது அதற்கு அப்பால் போனாலும் உரிமை போகாது.

‘தெரிவிப்பது’ என்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சைட் இன்ஜினியரிடம் மாடிப்படியில் நின்று சொன்னதும், செக்யூரிட்டி மேசையிலுள்ள புகார் நோட்டில் எழுதியதும் இரண்டு வருடம் கழித்து உதவாது. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் கடிதம் போக வேண்டும். ஸ்பீடு போஸ்டில் சேர்ப்புச் சான்றோடு அனுப்புங்கள் (தனிப் பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது). கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“தங்கள் திட்டத்தில் (ரெரா பதிவு எண் …) … எண் வீட்டை … தேதியில் ஒப்படைத்தீர்கள். பொதுக் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து சுமார் 2 அடி உயரத்துக்கு, 5 அடி நீளத்துக்கு ஈரம் உள்ளது. முதலில் கண்டது … தேதி. படங்கள் இணைப்பு. 14(3) பிரிவின்படி 30 நாளுக்குள் காரணத்தைக் கண்டறிந்து, கட்டணமின்றிச் சரிசெய்து, செய்த வேலையை எழுத்தில் தெரிவிக்கவும்.”

கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். “வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லை” என்று காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டால், குழாய்தான் காரணம் என்று பின்னால் தெரியும்போது “நீங்கள் சொன்ன குறை இங்கே இல்லை” என்று தப்பிக்க அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

காரணத்தை உங்களுக்காகத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அந்தக் குளியலறையை நாலைந்து நாள் பயன்படுத்தாமல் விடுங்கள். அதன் குழாய்களில் தண்ணீர் நிற்கட்டும். வால்வை மூட வேண்டாம். ஓதம் காயத் தொடங்கினால் கசிவது தரை அல்லது கழிவுநீர்க் குழாய். சற்றும் குறையாவிட்டால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் சப்ளை குழாய் மேல் சந்தேகம். முதல் வகைக்குத் தேக்கச் சோதனை: தரை டிராப்பை (தண்ணீர் வெளியேறும் வாய்) அடைத்து, ஓரங்குலத்துக்குக் குறையாமல் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விட்டுக் கீழ்வீட்டுக் கூரையையும் உங்கள் சுவரையும் பாருங்கள். தண்ணீரில் உணவு நிறம் கலந்தால் வழி தெரியும். இரண்டாம் வகைக்கு பிளம்பர் கைப்பம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்வார். எல்லா வாய்களையும் அடைத்தபின் அழுத்தமானியின் முள் ஒரு மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும்.

பில்டரின் ஆள் வந்து டைல்ஸ் இடுக்கில் எபாக்சி தடவி, இந்தப் பக்கம் டேம்ப் ப்ரூஃப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனால், அதைப் பழுது பார்த்ததாக ஏற்றுக் கையெழுத்திடாதீர்கள். தண்ணீர் டைல்ஸுக்குக் கீழே, பள்ளமாக விட்ட ‘சன்கன் ஸ்லாபில்’ நிறைத்த செங்கல் உடைசலில் தேங்கியிருக்கிறது. உள்பக்கம் பூசிய பெயின்ட் ஈரத்தை அடைத்துப் பக்கவாட்டில் தள்ளும். ஆறு மாதத்தில் அடுத்த சுவரில் பொரியும். கசிவு பெரும்பாலும் கழிவுக் குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் வளையத்தில்தான் தொடங்குகிறது. அங்கே வெறும் சிமென்ட் கலவை வைத்து மூடினால், காய்ந்து சுருங்கும்போது பிவிசி குழாயை விட்டுப் பிரிந்துவிடும். சரியான வேலை என்றால் டைல்ஸை எடுத்து, நிரப்பியதை வாரி, குழாய் வாயைச் சுருங்காத கலவையால் அடைத்து, தரையிலும் சுவரில் ஓரடி உயரம் வரையிலும் (ஷவர் பக்கம் ஆறடி வரை) இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங் பூசி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே மறுபடி தேக்கச் சோதனை செய்வது. டைல்ஸ் ஒட்டியபின் செய்யும் சோதனை தோற்றால் மறுபடி எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். அதனால் வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் ஐந்து ஆண்டு 2028 ஆகஸ்டில் முடிகிறது. அதாவது வடகிழக்குப் பருவமழை உங்கள் வீட்டைக் கடைசியாகச் சோதிக்கப்போவது 2027 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மழையில் ஜன்னல் ஓரம், வெளிச்சுவர், கூரை எல்லாவற்றையும் படமெடுத்து ஜனவரியில் ஒரு முழுப் பட்டியலை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: குடிவந்து ஒன்றரை வருடம். வீடு முழுக்க விரிசல். “ஹேர்லைன் கிராக் எல்லா வீட்டிலும் வரும் சார்” என்கிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?
— வாசகர், தாம்பரம்

பதில்: அவர்கள் சொல்வது பாதி உண்மை. விரிசலின் அகலத்தை விட அது போகும் வழி அதிகம் சொல்லும்.

சிலந்தி வலை போலப் பூச்சின் மேல் பரவியிருந்தால் கலவையில் சிமென்ட் அதிகம், அல்லது தண்ணீர் விட்டு ஆற்றியது போதவில்லை. அழகுக் குறைவுதான், ஆபத்தில்லை. தூணும் சுவரும் சந்திக்கும் இடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இறங்கினால், கான்கிரீட்டும் செங்கல்லும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன என்று பொருள். பூசுவதற்கு முன் அந்த இணைப்பில் கோழிவலை அடித்திருக்க வேண்டும். அடிக்காதது வேலைக் குறை. 14(3) பிரிவில் வரும். பட்டி வைத்து மூடினால் அடுத்த கோடையில் திரும்பும். இரு பக்கமும் நாலங்குலம் பூச்சை வெட்டியெடுத்து, வலை அடித்துப் பூசச் சொல்லுங்கள்.

மேல்மாடியில் கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடினால், வெயிலில் தளம் நீண்டு சுவரை இழுக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினால், லிண்டல் (ஜன்னலுக்கு மேலுள்ள குறுக்குக் கான்கிரீட்) இரு புறமும் சுவரில் போதிய அளவு உட்காரவில்லையா என்று பார்க்க வேண்டும்.

செங்கல் இடுக்குகள் வழியே படிக்கட்டு போல ஏறி, ஒரு முனையில் குறுகலாகவும் மறுமுனையில் அகலமாகவும், சுவரின் இரு பக்கமும் தெரிவதுதான் கவலைக்குரியது. அதோடு கதவு இடிக்கத் தொடங்கியிருந்தால் அஸ்திவாரம் சமமில்லாமல் இறங்குவதாக இருக்கலாம். களிமண் பூமியில் இதே விரிசல் மழையில் மூடி, சித்திரை வைகாசியில் வாய் திறக்கும். மண் ஊறுவதும் சுருங்குவதும் காரணம். இன்னொன்று, பீம் அல்லது கூரையின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விழுந்து துருக்கறையோடு இருப்பது. கம்பிக்கு மேல் விட்ட கான்கிரீட் கனம் போதவில்லை, அல்லது உப்புத் தண்ணீரும் உப்பு மணலும் உள்ளே போயிருக்கின்றன. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். இதைப் பூசி மறைக்க விடாதீர்கள்.

சந்தேகமான விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை, இரு நுனியிலும் எபாக்சி வைத்து, பெயின்ட்டையும் பட்டியையும் சுரண்டிய இடத்தில் ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. மாதம் ஒருமுறை பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

நகர்கிறது என்று தெரிந்தால் பில்டர் சாராத கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை ஆகியவை தூணை உடைக்காமல் கான்கிரீட்டின் நிலையைச் சொல்லும்; ஐயம் தீராவிட்டால் உருளை வடிவில் கான்கிரீட் துண்டு (கோர்) எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். செலவு சிறிதல்ல என்பதால் வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே அறிக்கையாக வாங்குவது புத்திசாலித்தனம். ரெரா ஆணையத்தின் முன் அந்த அறிக்கைக்கு இருக்கும் மதிப்பு நூறு புகைப்படத்துக்கும் கிடையாது.

கேள்வி: நான் வாங்கிய ஃபிளாட்டை முதலில் வேறொருவர் பில்டரிடம் வாங்கி, இரண்டு வருடம் இருந்துவிட்டு விற்றார். எனக்கும் இந்த வாரன்டி உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. ஒதுக்கீட்டை விற்பனை மூலம் பின்னால் பெற்றவரையும் ‘ஒதுக்கீடு பெற்றவர்’ என்றே 2(டி) பிரிவு கொள்கிறது. வாடகைக்கு இருப்பவர் மட்டும் சேரமாட்டார். ஆனால் காலம் உங்களுக்காகப் புதிதாகத் தொடங்காது. முதலில் வாங்கியவரிடம் ஒப்படைத்த நாள் முதல் கணக்கிட்டு மூன்று வருடம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்புக் கடிதத்தையும் அவர் அனுப்பிய பழைய புகார்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு கிரவுண்டில் ஆறு வீடு. “இதற்கு ரெரா பதிவே தேவையில்லை” என்கிறார் பில்டர். நம்பி வாங்கலாமா?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: பதிவைப் பற்றி அவர் சொல்வது சரி. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்போகாவிட்டாலோ, எல்லாக் கட்டங்களையும் சேர்த்து வீடுகள் எட்டுக்கு மேற்போகாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை. 2 கிரவுண்ட் என்பது 4,800 சதுர அடி, ஏறக்குறைய 446 சதுர மீட்டர். அதனால் உங்களுக்குக் காப்பு கட்டுமான ஒப்பந்தம்தான். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டு, எல்லா வேலைக் குறைகளும், 30 நாளில் இலவசப் பழுது என்று சட்டத்தின் வாசகத்தையே அதில் எழுதச் சொல்லுங்கள். யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) கிரயப் பத்திரத்தில் அல்ல, கட்டுமான ஒப்பந்தத்தில்.

பிரச்சினை வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரெராவின் ஐந்து ஆண்டை மனதில் வைத்துக்கொண்டு இங்கே தாமதித்துவிடாதீர்கள்.

இதே வகைக் கடிதங்கள் சொந்த மனையில் காண்டிராக்டரை வைத்துக் கட்டுபவர்களிடமிருந்தும் வருகின்றன. அவர்களுக்கும் ரெரா இல்லை. பில் தொகையில் 5 சதவீதத்தை ஒரு பருவமழை கடக்கும் வரை பிடித்துவைக்கும் நிபந்தனை, எந்த வாரன்டித் தாளையும் விட நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: அடுத்த மாதம் சாவி தருகிறார்கள். “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளில் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?
— வாசகர், பெரும்பாக்கம்

பதில்: அப்படியே போடாதீர்கள். “இணைப்பில் உள்ள குறைகளுக்கும் 14(3) பிரிவின் உரிமைகளுக்கும் உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்” என்று கையால் எழுதி, தேதியோடு கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள். தாளை மாற்ற மறுத்தால் அன்றே அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அந்த இணைப்பைத் தயாரிக்க அரை நாள் ஒதுக்குங்கள். ஒரு நாணயம், ஒரு வாளி, ஒரு டெஸ்டர், ஒரு கோலிக்குண்டு போதும். டைல்ஸை நாணயத்தால் தட்டினால் அடியில் கலவை இல்லாத இடம் ‘டொப்’பென்று ஒலிக்கும். மூலையில் மட்டும் என்றால் பொறுக்கலாம். நடுவில் என்றால் மாற்றச் சொல்லுங்கள். பின்னால் வெயிலில் அந்த வரிசையே கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். குளியலறையிலும் பால்கனியிலும் வாளித் தண்ணீரைக் கொட்டி, டிராப்பைத் தேடிப் போகிறதா, வாசலைத் தேடி வருகிறதா என்று பாருங்கள். சிறு சரிவைக் கோலி காட்டிவிடும். மின் பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லியாம்பியர்தானா என்று படித்து, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் டெஸ்டர் வையுங்கள். யுபிவிசி ஜன்னலின் வெளிப்புற சிலிகான் விட்டுப்போன இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவருக்குள் போன குழாய், வயர்களின் வரைபடத்தை இப்போதே கேளுங்கள். பின்னால் நீங்கள் ஆணி அடித்ததால்தான் குழாய் ஓட்டை என்பார்கள். வரைபடம் தராதவர் அந்த வாதத்தை வைப்பது கடினம். உள்அலங்கார வேலை தொடங்குமுன் எல்லா அறைகளையும் வெறுமையாகப் படமெடுத்துவைப்பதும் இதற்காகத்தான். குளியலறையை உடைத்து மாற்றியமைத்தால், அந்த இடத்துக் கசிவுக்கு பில்டரைக் கேட்பது சிரமம்.

கேள்வி: எங்கள் 60 வீட்டுக் குடியிருப்பில் மொட்டை மாடி ஒழுகுகிறது. நாலு முறை வந்து ஏதோ பூசினார்கள். 30 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. இனி யாரிடம் போவது? சங்கம் போகலாமா?
— சங்கப் பொறுப்பாளர், போரூர்

பதில்: சங்கமே போகலாம், 31-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பொதுக்குழுத் தீர்மானத்தை மட்டும் முதலில் எழுதிவிடுங்கள்.

மனுவை எங்கே, எதற்குப் போடுவது என்பதில் குழம்பாதீர்கள். “சரிசெய்ய உத்தரவிடுங்கள்” என்பது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, படிவம் ‘எம்’. “இழப்பீடு தாருங்கள்” என்பது 71-ஆம் பிரிவின் தீர்ப்பு அலுவலருக்கு, படிவம் ‘என்’. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் பாதி மனு அடிபடும். இந்த அதிகாரப் பிரிவினையை உச்ச நீதிமன்றமும் 2021 நவம்பரில் உறுதிசெய்தது. உரிமையியல் நீதிமன்றம் போவதை 79-ஆம் பிரிவு தடுக்கிறது. தீர்ப்புக்கு எதிராக 60 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. இழப்பீட்டுத் தீர்ப்பை எதிர்த்து பில்டர் போனால் முழுத் தொகையையும் முதலில் கட்ட வேண்டும். பணம் தராவிட்டால் நிலவரி பாக்கி போல வசூலிக்க 40-ஆம் பிரிவு வழி செய்கிறது. வசூலுக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளும் போன் படங்களும்தான் உங்கள் முக்கிய ஆதாரம் என்றால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது. படமெடுத்த போனை அதற்குள் மாற்றிவிடாதீர்கள்.

மாடியைப் பொறுத்தவரை, பூசிப் பூசித் தோற்கக் காரணம் பெரும்பாலும் மேல்பூச்சு அல்ல. வெதரிங் கோர்ஸில் (மாடித் தளத்தின் மேல் வெயில், மழைக்காகப் போடும் அடுக்கு) 100-க்கு 1 என்ற சரிவாவது இல்லாமல் தண்ணீர் தேங்குவது, மழைநீர்க் குழாயின் வாய் தரைமட்டத்தை விடச் சற்று உயர்ந்திருப்பது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் உருட்டிப் பூசாதது: இந்த மூன்றையும் பாருங்கள். மழை விட்ட மறுநாள் தேங்கிய குட்டைகளைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படமெடுத்தால், அடுத்த பழுதை எங்கே தொடங்க வேண்டும் என்று யாரும் வாதாட வேண்டியிருக்காது.

வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி கொடுத்த ‘10 வருட கேரன்ட்டி’த் தாளையும் வாங்கிப் படியுங்கள். அநேகமாக அது பொருளுக்கு மட்டும். உடைக்கும் கூலியும் திரும்பப் பூசும் கூலியும் அதில் இருக்காது, தாள் பில்டர் பெயரிலும் இருக்கும். லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றின் வாரன்டி, வரைபடங்கள், அனுமதிகள் எல்லாவற்றையும் நிறைவுச் சான்று பெற்ற 30 நாளுக்குள் சங்கத்திடம் தர வேண்டும் என்கிறது 17(2) பிரிவு. இதுவரை தரவில்லையென்றால் படிவம் ‘எம்’மில் அதையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்.